மிளகுக் கொடியும் பெட்ரோ மான்ஸியும்

2019 மார்ச் 9, சனிக்கிழமை. கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். சென்னை சிட்டி என்று பெயர் வைத்துக்கொண்டு கோவையில் குடியிருந்த ஒரு கிளப், ஐ-லீகின் கடைசி மேட்ச்சில் மினர்வா பஞ்சாபை எதிர்த்து இறங்கியது. ஜெயித்தால் கோப்பை. சறுக்கினால், அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலத்தோடு மோதிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் அதைக் கொத்திக்கொண்டு போய்விடும். மினர்வாதான் முதலில் கோல் போட்டது. இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்ஸி ஒரு பெனால்டியை உள்ளே தள்ளினார். அப்புறம் கௌரவ் போரா என்கிற டிஃபெண்டர், கோல் போடுவது தன் வேலையே இல்லாத ஆள், இரண்டு கோல் போட்டார். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்திருந்தது. ஆனால் அவர்களுக்கு 42 பாயின்ட், இவர்களுக்கு 43.

தமிழ்நாட்டு கிளப் ஒன்று ஐ-லீகை ஜெயித்தது அதுவே முதல் தடவை. இரண்டரை மாதம் கழித்து, மே மாதம், மதுரையின் சேது எஃப்.சி. பெண்கள் லீகையும் ஜெயித்தது. ஒரே வருஷத்தில் இரண்டு கோப்பை. கிரிக்கெட்டில் இப்படி நடந்திருந்தால் மவுன்ட் ரோட்டில் டிராஃபிக் நின்றிருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விஷயம். 2021-22 ஐ-லீக் ஆரம்பித்தபோது அணிகளின் பட்டியலில் சென்னை சிட்டி என்கிற பெயரே இல்லை. சாம்பியன் ஆகி மூன்று வருஷம் முடியவில்லை, கிளப்பைக் காணோம்!

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம், நாவலுக்கு எழுதுகிறோம். ஒரு ஃபுட்பால் அணியைக் கட்டுவதும் அப்படி ஒரு படைப்பு மாதிரிதான். யாரை வாங்குவது, யாரை எத்தனை வருஷத்துக்கு எழுதி வைப்பது, யாரைச் சின்னப் பையனாக இருக்கும்போதே எடுத்து வளர்ப்பது என்று ஒருத்தர் உட்கார்ந்து தீர்மானிக்கிறார். மேட்ச் தொண்ணூறு நிமிஷத்தில் முடிந்துவிடும். அணி எப்படிக் கட்டப்பட்டது என்பது பிரிகிறபோதுதான் தெரியும். அந்த வகையில் சென்னை சிட்டியை விமர்சனம் செய்ய இது சரியான நேரம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஆள் பிடிப்பதில் அவர்கள் சூரர்கள். 2018-19 சீசனுக்கு நான்கு பேரை ஸ்பெயினிலிருந்து கூட்டி வந்தார்கள். மான்ஸி, நெஸ்டர் கோர்டியோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்டோ எஸ்லாவா. யாருமே டி.வி.யில் நாம் பார்த்த பெயர் இல்லை. ஸ்பெயினின் கீழ்ப் பிரிவுகளில், சின்ன ஊர்களில் ஆடிக்கொண்டிருந்தவர்கள். ஐ.எஸ்.எல். கிளப்கள் அதுவரை செய்தது வேறு. முப்பத்தைந்து தாண்டி, ஐரோப்பாவில் எல்லாம் ஆடி முடித்து, முழங்காலில் பேண்டேஜோடு நிற்கிற பிரபலங்களைக் கூட்டி வந்து போஸ்டர் அடிப்பார்கள். சென்னை சிட்டி பெயரை வாங்கவில்லை, காலை வாங்கியது. மான்ஸி முதல் மேட்ச்சிலேயே ஹாட்ரிக். சீசன் முடியும்போது 21 கோல்.

நான்கு பேரும் ஒரே ஊர்ப் பாணியில் பந்து விளையாடிப் பழகியவர்கள் என்பது இதில் முக்கியம். ஒருத்தர் எங்கே ஓடுவார் என்று இன்னொருத்தருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோச் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். கட்டைப் பந்தாக உதைத்து விரட்டாமல் தரையோடு பாஸ் செய்து ஆடும் அணியை உருவாக்கினார். அவர்களைச் சுற்றி நம் பையன்கள். எட்வின் சிட்னி வான்ஸ்பால், அஜித் குமார், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், கன்னியாகுமரி கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் ரெஜின். ஸ்பெயின்காரனிடம் பந்து வாங்கித் திருப்பிக் கொடுத்து, ஒரே சீசனில் இவர்கள் வேறு ஆட்டக்காரர்கள் ஆனார்கள். அணி கட்டுவதில் இதைவிட அழகு கிடையாது. வாங்கின ஆள், பக்கத்தில் நிற்கிற ஆளையும் நல்ல ஆளாக்குகிறான்.

சரி, எங்கே கோட்டைவிட்டார்கள்?

கொஞ்சம் சட்டம் பேச வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. ழான்-மார்க் போஸ்மான் என்கிற பெல்ஜியம் ஆட்டக்காரர் போட்ட வழக்கு. கான்ட்ராக்ட் முடிந்த பிறகும் அவரை வேறு கிளப்புக்கு விடமாட்டேன், பணம் வேண்டும் என்று பழைய கிளப் பிடித்து வைத்திருந்தது. நீதிமன்றம், கான்ட்ராக்ட் முடிந்தால் ஆள் சுதந்திரமானவன், ஒரு பைசா தர வேண்டியதில்லை என்றது. தொழிலாளிக்கு நியாயமான தீர்ப்பு. இதன் மறுபக்கம், கிளப்பின் சொத்து ஆட்டக்காரன் இல்லை, கான்ட்ராக்டில் மிச்சமிருக்கும் மாதங்கள்தான் சொத்து. மூன்று வருஷம் பாக்கி என்றால், கேட்கிறவர்கள் விலை கொடுத்துத்தான் எடுத்துப் போக வேண்டும். கடைசி ஆறு மாதம் வந்துவிட்டால் அவன் வேறு கிளப்போடு பேசி முன்கூட்டியே கையெழுத்துப் போடலாம். முடிந்துவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம். பழைய கிளப்புக்கு டீ குடிக்கிற காசுகூட வராது.

நம் ஊர் கிளப்கள் பெரும்பாலும் பையன்களிடம் ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று எழுதி வாங்கும். காரணம் புரிகிறது. சம்பளப் பொறுப்பு. ஐந்து வருஷத்துக்கு எழுதிவிட்டு, பையனுக்கு முட்டி போனால் யார் கொடுப்பது? கடை வாடகைக்குப் பதினோரு மாத அக்ரிமென்ட் போடுகிற அதே புத்தி. ஆனால் கடைக்கும் கால்பந்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. வாடகைக் கடையை நீங்கள் இழைத்து இழைத்து அழகாக்கினால் லாபம் கடைக்காரனுக்கு.

மைக்கேல் சூசைராஜை எடுத்துக்கொள்ளுங்கள். ரெஜினின் சகோதரர், அதே கடற்கரை. சென்னை சிட்டியில் கண்ணில் பட்டு, பட்டம் வென்ற சீசனுக்கு முன்னாலேயே ஜம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். அங்கிருந்து ஏ.டி.கே. 2019-20-ல் ஐ.எஸ்.எல். சாம்பியன் அணியில் இருந்தார். அவருடைய நல்ல வருஷங்கள் எல்லாம் வேறு ஊர்ச் சட்டையில். பட்டம் வென்ற பிறகு மிச்சப் பேரும் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். எட்வின் 2020-ல் சென்னையின் எஃப்.சி.க்கு. அஜித் குமார் பெங்களூருக்கு. ரொமாரியோ கோவாவுக்கு. கடைசி நாள் ஹீரோ போரா ஒடிஷாவுக்கு. மான்ஸி 2020 ஜனவரியில், நடு சீசனில், ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்கு.

இதில் நெஸ்டர் கதை தனி. சென்னை சிட்டியோடு கான்ட்ராக்ட் இருக்கும்போதே எஃப்.சி. புனே சிட்டியோடு கையெழுத்துப் போட்டார் என்று புகார். இந்திய கால்பந்து சம்மேளனம் விசாரித்து அவருக்கு நான்கு மாதத் தடை விதித்தது. இதற்குள் புனே கிளப்பே மூடப்பட்டு, அதன் இடத்தில் ஹைதராபாத் எஃப்.சி. என்று புது கிளப் முளைத்திருந்தது. தடை முடிந்ததும் நெஸ்டர் அங்கே போய் ஆடினார். கல்யாண மண்டபத்தில் பெண்ணுக்குத் தகராறு என்றால் இரண்டு மாப்பிள்ளை வீட்டாரும் இருப்பார்கள். இதில் ஒரு வீடே காணாமல் போய்விட்டது! சென்னை சிட்டி பக்கம் நியாயம் இருந்தது, தீர்ப்பும் வந்தது. ஆள் வரவில்லை.

அதே 2019-ல் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் கிளப் சென்னை சிட்டியில் 26 சதவீதப் பங்கு வாங்கியது. அப்போது எனக்கும் கொஞ்சம் உற்சாகமாகத்தான் இருந்தது. பாசல் இந்த வித்தையில் பேராசிரியர். ராகிடிச், ஷகீரி, ஷாக்கா என்று சின்ன வயசிலேயே எடுத்து வளர்த்து ஜெர்மனிக்கு விற்றவர்கள். முகமது சலாவை 2012-ல் எகிப்திலிருந்து கூட்டி வந்து, இரண்டு வருஷம் பளபளப்பாக்கி, 2014 ஜனவரியில் செல்ஸீக்கு விற்றார்கள். வளர்ப்பது, நீண்ட கான்ட்ராக்டில் எழுதி வைப்பது, சரியான மாதத்தில் விற்று அந்தப் பணத்தில் அடுத்த பையனை எடுப்பது. மூன்றும் ஒரே கையில். அந்தக் கை இங்கே வந்தால்? அகாடமி, கோச்சுகளுக்குப் பயிற்சி என்றெல்லாம் பேசினார்கள். பாசல் ரசிகர்களுக்கே இந்த இந்திய முதலீடு பிடிக்கவில்லை. அப்புறம் கொரோனா வந்தது. 2020-21 சீசன் முழுக்கக் கொல்கத்தாவிலும் கல்யாணியிலும், பூட்டின அறைக்குள் நடந்தது போல நடந்தது. கோவைக்கு மேட்ச் இல்லை, டிக்கெட் இல்லை. பாசலிலும் முதலாளி மாறினார்.

கொரோனாவைப் பழி சொல்லி முடித்துவிடலாம். கொரோனா எல்லா கிளப்புக்கும்தான் வந்தது. இவர்கள் விழுந்தபோது தாங்கிப் பிடிக்கக் கீழே எதுவும் இல்லை. மேலே போன பதினொரு பேருக்குக் கீழே பதினெட்டு வயசில் ஒரு வரிசை, பதினைந்து வயசில் ஒரு வரிசை நிற்க வேண்டும். அந்த வரிசை இல்லை என்பதுதான் என் குறை.

இங்கே கொஞ்சம் மலையேற வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் கொல்லிமலைக்குப் போயிருந்தேன். காரவள்ளியில் ஆரம்பித்து எழுபது கொண்டை ஊசி வளைவு. மேலே போய்ச் சேரும்போது வயிறு தனியாக, நாம் தனியாக இருப்போம். செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. விட்ட ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மான், பன்றி என்று போய்க் கடைசியில் உடும்பில் நின்றது என்று சங்கப்பாட்டு சொல்லும் ஓரி. நம் கிளப் முதலாளிகளில் பல பேருக்கு ஓரி மாதிரி ஆசை. ஒரே ஒரு ஸ்ட்ரைக்கரை வாங்கினால் போதும். கோல், கோப்பை, ஸ்பான்சர் எல்லாம் ஒரே அம்பில் விழ வேண்டும்.

மலையில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கிறது. நட்டவுடன் காய்க்கிற சமாசாரம் இல்லை அது. மூன்று வருஷம் கொடியை மரத்தோடு அணைத்துக் கட்டி, நிழலைக் கவாத்து செய்து, சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்கப்புறம்தான் கையில் மிளகு. அவசரம் என்றால் நாமக்கல் மார்க்கெட்டில் கால் கிலோ வாங்கிக்கொள்ளலாம். சமையல் ஆகிவிடும், ஆனால் தோட்டம் ஆகாது. சென்னை சிட்டி செய்தது மார்க்கெட் சமையல். ருசியான சமையல் என்று நானே முதலில் சொல்லிவிட்டேன்.

சரிவான ஒரு மைதானத்தில் பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். மேல் பக்கம் ஆடுகிற அணிக்கு அதிர்ஷ்டம். பந்து தானாகவே கோலுக்கு உருளும். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று அந்த மலையில் ஊர்களை நாடு என்றுதான் சொல்கிறார்கள். எனக்குத் தோன்றியது இதுதான்: நம் கிளப்களின் வரைபடத்தில் இந்த நாடுகள் கிடையாது. தமிழ்நாட்டில் ஆள் தேடுகிறவர்கள் வியாசர்பாடிக்குப் போவார்கள், முல்லை நகர் மைதானத்தில் நிற்பார்கள். தூத்தூர் கடற்கரைக்குப் போவார்கள். ரெண்டுமே நியாயமான இடங்கள்தான். அங்கே கிளப் வருவதற்கு முன்னாலேயே ஜனங்கள் தாங்களாகவே கால்பந்தை வளர்த்து வைத்திருக்கிறார்கள். விளைந்த இடத்தில் போய் அறுப்பது சுலபம். விதை போடுகிற வேலை யாருடையது?

மலை, தூரம், வறுமை என்றெல்லாம் சாக்கு சொல்வார்கள். ஐஸாலைப் பாருங்கள். மிசோரம் மலை நம் கொல்லிமலையைவிடக் கஷ்டமான மலை. 2015-16-ல் ஐஸால் எஃப்.சி. ஐ-லீகிலிருந்து தரமிறக்கப்பட்டது. கோவா கிளப்கள் விலகிக்கொண்டதால் திரும்பக் கூப்பிட்டார்கள். வந்த அடுத்த சீசனிலேயே, 2016-17-ல், சாம்பியன்! கோச் காலித் ஜமீல். 2025-ல் இந்திய அணிக்கே கோச் ஆனாரே, அவர்தான். அந்த அணிக்கும் சென்னை சிட்டிக்கு நடந்ததேதான் நடந்தது. கோச்சை ஈஸ்ட் பெங்கால் கூட்டிப்போனது. ஆட்டக்காரர்களை ஆளாளுக்குப் பிய்த்துக்கொண்டு போனார்கள். ஆனால் ஐஸால் காணாமல் போகவில்லை. 2024-25 ஐ-லீகிலும் இருந்தது. காரணம், 2012-லிருந்து மிசோரமில் ஒரு உள்ளூர் லீக் நடக்கிறது. டி.வி.யில் காட்டுகிறார்கள், ஊர் முழுக்கப் பார்க்கிறது. ஒருத்தன் போனால் அந்த லீகிலிருந்து இன்னொருத்தன் வருவான். பெரிய சம்பளம் தர முடியாது, கோப்பையும் மறுபடி கிடைக்கவில்லை. கிளப் இருக்கிறது.

ஸ்பெயினில் அத்லெடிக் பில்பாவோ என்று ஒரு பிடிவாதக்கார கிளப். நூறு வருஷத்துக்கு மேலாக பாஸ்க் பகுதியில் பிறந்த, அல்லது அங்கே வளர்ந்து ஆட்டம் கற்ற ஆட்டக்காரர்களைத்தான் சேர்ப்பார்கள். அப்படியிருந்தும் முதல் டிவிஷனிலிருந்து ஒரு தடவைகூட இறங்கினதில்லை. ரியல் மாட்ரிட், பார்சிலோனாவுக்கு அடுத்து அந்தப் பெருமை அவர்களுக்கு மட்டும்தான். உடனே யாராவது ‘தமிழன் மட்டுமே ஆடும் தமிழ் அணி’ என்று கொடி பிடிக்க வேண்டாம். மான்ஸி இல்லாமல் எட்வின் இல்லை. நான் பார்ப்பது வேறு. வெளியிலிருந்து வாங்கும் கதவைச் சாத்திவிட்டதால், பில்பாவோவுக்குப் பத்து வயசுப் பையனைத் தேடிப் போவதைத் தவிர வேறு வழியில்லை. நமக்குக் கதவு அகலமாகத் திறந்திருக்கிறது. அதனால் யாரும் தேடிப் போவதில்லை.

‘சென்னை சிட்டியை மட்டும் வறுக்கிறீர்களே, பணக்கார சென்னையின் எஃப்.சி. என்ன செய்தது?’ என்று சூப்பர் மச்சான்ஸ் யாராவது கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 2014-ல் தொடங்கிய கிளப். அபிஷேக் பச்சன், தோனி, வீட்டா தானி முதலாளிகள். 2015-லும் 2017-18-லும் கோப்பை. அந்த லீகில் இரண்டு கோப்பை சின்ன விஷயம் இல்லை.

ஆனால் ஐ.எஸ்.எல். பிறந்த விதமே அணி கட்டுவதற்கு விரோதமானது. முதல் வருஷங்களில் அது மூன்று மாதத் திருவிழா. இந்திய ஆட்டக்காரர்களை டிராஃப்ட் என்று வரிசை வைத்து எடுத்தார்கள், பலரையும் ஐ-லீக் கிளப்களிடமிருந்து இரவல் வாங்கினார்கள். 2015 ஜூலையில் ஏலமே விட்டார்கள். சுனில் சேத்ரி 1 கோடியே 20 லட்சத்துக்கு மும்பைக்குப் போனார். 2017-ல் மறுபடி டிராஃப்ட். அனஸ் எடத்தொடிகாவை 1 கோடியே 10 லட்சத்துக்கு ஜம்ஷெட்பூர் முதல் ஆளாக எடுத்தது. பண்டிகை முடிந்ததும் பந்தலைப் பிரித்துவிடுவார்கள். 2015-ல் 13 கோல் போட்டு, ஃபைனலில் கடைசி நிமிஷத்தில் கோவாவின் இதயத்தை உடைத்த மெண்டோசா, அடுத்த சீசனில் சென்னையில் இல்லை. சாமியை ஒரு தடவை கும்பிட்டுவிட்டு வேறு கோயில் தேட வேண்டும் என்றால் ரசிகன் என்ன செய்வான்?

2018 மார்ச்சில் பெங்களூரை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று சாய்த்து இரண்டாவது கோப்பை. அடுத்த சீசன்? பதினெட்டு மேட்ச்சில் 9 பாயின்ட், கடைசி இடம். கோச் அதே ஜான் கிரகரிதான். தனபால் கணேஷ் என்கிற வியாசர்பாடிப் பையன், அந்தச் சாம்பியன் அணியின் நடுக்களத்தில் மூச்சு மாதிரி இருந்தவர், முழங்கால் காயத்தில் அந்த சீசனே ஆடவில்லை. ஒரு ஆள் விழுந்தால் ஒரு அணி விழுகிறது என்றால், அவர் இடத்தில் நிற்க இன்னொரு தனபாலை யாரும் தயார் செய்து வைக்கவில்லை என்று அர்த்தம். வியாசர்பாடி பத்து கிலோமீட்டர் தூரம்கூட இல்லை, ஸ்டேடியத்திலிருந்து.

ஒரு விஷயத்தில் சென்னையின் எஃப்.சி.யைப் பாராட்ட வேண்டும். அனிருத் தாபாவைச் சின்ன வயசில் எடுத்தார்கள், ஆட விட்டார்கள், கான்ட்ராக்டை அவ்வப்போது நீட்டினார்கள், கேப்டன் ஆக்கினார்கள். 2023-ல் மோகன் பகான் வந்து கேட்டபோது டிரான்ஸ்ஃபர் தொகை கொடுத்துத்தான் கூட்டிப்போக முடிந்தது. தொகையை வெளியே சொல்லவில்லை. ஆனால் சும்மா போகவில்லை. பாசல் செய்வது இதைத்தான். இப்படி ஒரு தாபா இல்லை, பத்து வருஷத்தில் ஆறு தாபா இருந்திருக்க வேண்டும்; அதில் ரெண்டு பேராவது தமிழ்நாட்டு அகாடமியிலிருந்து வந்திருக்க வேண்டும்.

வெளிநாட்டு ஆட்டக்காரர்களைக் குறைத்தாலாவது கிளப்கள் உள்ளூரில் தேடும் என்று நினைத்தார்கள். முதலில் களத்தில் ஆறு வெளிநாட்டுக்காரர், அப்புறம் ஐந்து, 2021-22-லிருந்து நான்கு. ஏழு இந்தியர் கட்டாயம். நடந்தது என்ன? ஏற்கெனவே தேறிய முப்பது நாற்பது இந்திய ஆட்டக்காரர்களின் சம்பளம் ஏறியது. அதே ஆட்கள் அதே கிளப்களுக்குள் சுற்றிச் சுற்றி வந்தார்கள். வெங்காயம் தட்டுப்பாடு என்றால் வெங்காயம் பயிரிட வேண்டும். நாம் விலையை ஏற்றி வாங்கினோம்.

பழைய காலத்து மெட்ராஸ் ஃபுட்பாலில் இன்னொரு வகை கான்ட்ராக்ட் இருந்தது, இன்றைய பசங்களுக்குத் தெரியாது. ஐ.சி.எஃப்., சதர்ன் ரயில்வே, இந்தியன் பேங்க். பந்து நன்றாக ஆடினால் உத்தியோகம். கையெழுத்து ஒரு தடவைதான், ரிடையர் ஆகிற வரைக்கும். டிரான்ஸ்ஃபர் என்றால் வேறு கிளைக்கு மாற்றல்! ஆட்டம் சுமாராக இருக்கலாம், ஆனால் ஒரு பையனின் அப்பாவுக்கு அது புரிந்தது. பந்து உதைத்தால் பேங்கில் வேலை. இன்றைக்கும் பெண்கள் ஃபுட்பாலில் அந்தப் பாதைதான் சோறு போடுகிறது. சேது அணியில் ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். கிளப் கான்ட்ராக்டை நம்பி அவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டியதில்லை. 2025 ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. தன் அணியின் செயல்பாடுகளையே நிறுத்தி வைத்ததே, நினைவிருக்கிறதா? ஐ.எஸ்.எல்.லை நடத்தும் கம்பெனிக்கும் சம்மேளனத்துக்கும் இருந்த 2010-ம் வருஷத்துப் பதினைந்து வருஷ ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடிகிறது, புதிதாக எதுவும் எழுதவில்லை, சீசன் எப்போது என்று தெரியாது. ஆட்டக்காரனின் கான்ட்ராக்டில் எத்தனை மாதம் பாக்கி என்று பார்த்துக்கொண்டிருந்த நமக்கு, லீகின் கான்ட்ராக்டிலேயே நான்கு மாதம்தான் பாக்கி என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அகாடமி என்று சொல்லிக் கட்டடம் கட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. லைசென்ஸ் வாங்க வேண்டும் என்பதற்காக எல்லா கிளப்பும் 13 வயசு, 15 வயசு, 18 வயசு அணி வைத்திருக்கிறது. பெரும்பாலும் நகரத்துப் பையன்கள், சில இடங்களில் மாதக் கட்டணம் கட்டி வருகிறவர்கள். சாயங்காலம் அம்மா ஸ்கூட்டியில் கொண்டுவந்து விடுவார். தப்பில்லை, பந்து யாருக்கும் பொது. ஆனால் 1987-ல் ஜம்ஷெட்பூரில் டாடா ஆரம்பித்த அகாடமி வேறு வகை. சோறு, படிப்பு, படுக்கை எல்லாம் கொடுத்துத் தங்க வைத்து வளர்த்தார்கள். திருவாரூரில் ராமன் விஜயன் தொடங்கிய அகாடமி மாதிரி, நகரத்தை விட்டு வெளியே நடக்கிற முயற்சிகள் நம்மிடம் ரொம்பக் குறைவு. கொல்கத்தாவில் கொடி நாட்டிய ஆட்டக்காரர் திரும்பி வந்து டெல்டாவில் பையன்களைச் சேர்க்கிறார் என்றால், பெரிய கிளப்கள் அவர் வாசலில் போய் நிற்க வேண்டும்.

நிற்காததற்குப் பணக் கணக்கும் ஒரு காரணம். ஃபிஃபாவில் ஒரு நல்ல விதி உண்டு. ஒரு ஆட்டக்காரன் தேசம் விட்டு தேசம் விலைக்குப் போனால், அந்தத் தொகையில் 5 சதவீதம், அவனை 12 வயசிலிருந்து 23 வயசு வரை வளர்த்த கிளப்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும். ஒரு கோடிக்கு விற்றால் ஐந்து லட்சம். 12-லிருந்து 15 வரை நான்கு வருஷம் வைத்திருந்த சின்ன கிளப்புக்கு அதில் ஒரு லட்சம். கிராமத்து மைதானத்துக்கு ஒரு லட்சம் என்பது நூறு ஜோடி பூட்ஸ். ஆனால் நம் ஆட்டக்காரர்கள் வெளிநாட்டுக்கு விலை போவதே அபூர்வம். உள்ளூரிலோ கான்ட்ராக்ட் முடிந்து சும்மா போகிறார்கள். பூஜ்யத்தில் ஐந்து சதவீதம் பூஜ்யம்தான். அப்படியே பணம் வந்தாலும், பையனின் பெயர் எந்த வயசில் எந்த கிளப்பில் பதிவாகியிருந்தது என்று காகிதம் கேட்பார்கள். சரிவு மைதானத்தில் ஆட்டம் சொல்லிக்கொடுத்த பி.டி. வாத்தியார் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

கொல்லிமலைப் பையன் ஒருத்தன் நிஜமாகவே நன்றாக ஆடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு என்ன வழி? பள்ளிக்கூடத்து டீமில் சேர்ந்து பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகள், குடியரசு தினப் போட்டிகள், முதலமைச்சர் கோப்பை என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். அல்லது அரசு விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கும்போது தேர்வுக்குப் போக வேண்டும். எப்படிப் போனாலும் முதலில் மலை இறங்கியாக வேண்டும். தேர்வு என்றால் காலை ஏழு மணிக்கெல்லாம் மாவட்டத் தலைநகர் மைதானத்தில் நிற்கச் சொல்வார்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், ஹெட்மாஸ்டர் கையெழுத்து எல்லாம் கையில் இருக்க வேண்டும். செம்மேட்டிலிருந்து நாமக்கல் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். எழுபது வளைவையும் சேர்த்தால் பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் முந்தின நாளே அப்பாவும் பையனும் இறங்கி, நாமக்கல்லில் தெரிந்தவர் வீட்டிலோ பஸ் ஸ்டாண்டிலோ படுத்துக்கொள்ள வேண்டும். அப்பாவுக்கு ரெண்டு நாள் கூலி போகும். மிளகு பறிக்கிற மாதமாக இருந்தால் அவர் வரவே மாட்டார்.